டீசல் பிக்கப்பா, பெட்ரோல் பிக்கப்பா? பாரம் இழுக்கவும் கரடுமுரடான பாதைக்கும் ஏற்ற வண்டி எது?

திருவண்ணாமலைக்கு வடக்கே, கலெக்டர் அலுவலகம் அமைந்துள்ள வேங்கிக்காலிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் விவசாயிகள் பலர் சொந்தமாகச் சிறு சரக்கு வண்டி வாங்குவதில் ஆர்வம் காட்டுகிறார்கள். நிலக்கடலை, நெல், காய்கறி, பூ ஆகியவற்றை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கும் உழவர் சந்தைக்கும் பூக்கடைக்கும் நேரத்தில் கொண்டு சேர்க்க வேண்டும். திரும்பும்போது உரமும் விதையும் தீவனமும் ஏற்றி வர வேண்டும். வாடகை வண்டிக்குக் காத்திருந்தால் பூவும் கீரையும் வாடி விலை இறங்கிவிடும். ஆகவே சொந்த வண்டி வேண்டும் என்ற எண்ணம் நியாயமானதே.

ஆனால் வண்டி வாங்குவது நிலம் வாங்குவது போன்றதல்ல. நிலத்தின் விலை ஏறும். வண்டியின் விலை வாங்கிய நாளிலிருந்தே இறங்கும். கடனில் வாங்கிய வண்டி வேலையில்லாமல் களத்தில் நின்றாலும் தவணை நிற்காது. எனவே டீசல் வண்டியா, பெட்ரோல் வண்டியா என்ற கேள்விக்கு விடை காணும் முன், வண்டி செய்யப் போகும் வேலை என்ன, ஓடப் போகும் பாதை எது, ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்ற மூன்றையும் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

சந்தையில் உள்ள வண்டிகள்

2005-ஆம் ஆண்டு டாடா நிறுவனம் ஏஸ் என்ற சிறு வண்டியை வெளியிட்டது. இரண்டு சிலிண்டர், 702 சி.சி., 16 குதிரை சக்தி கொண்ட டீசல் எஞ்சின் அதில் இருந்தது. தமிழ்நாட்டு மக்கள் அதற்குக் "குட்டி யானை" என்று பெயரிட்டார்கள். 2011-இல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. மகிந்திராவின் பொலீரோ பிக்கப்பும் கிராமங்களில் நன்கு பரவியது. இவை எல்லாம் டீசலில் ஓடியவை. அந்நாளில் சரக்கு வண்டி என்றாலே டீசல்தான்.

2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. டீசல் புகையைச் சுத்தப்படுத்தும் கருவிகளால் சிறிய டீசல் எஞ்சின்களின் விலை ஏறியது. மாருதி நிறுவனம் தன் சூப்பர் கேரி வண்டியில் டீசல் எஞ்சினை நிறுத்திவிட்டது. டாடா ஏஸ் வண்டி 694 சி.சி. பெட்ரோல் எஞ்சினுடனும் வெளிவந்தது. இப்படித்தான் முக்கால் டன் அளவுள்ள சிறு வண்டிகளில் பெட்ரோலா, டீசலா என்ற கேள்வி எழுந்தது.

ஒரு டன்னுக்கு மேல் ஏற்றும் பிக்கப்புகளில், சி.என்.ஜி. வகைகளை நீக்கிவிட்டால், இன்றும் டீசலே பெரும்பான்மை. நான்கு சக்கரங்களும் இழுக்கும் இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பிக்கப்புகளும் டீசலில்தான் ஓடுகின்றன. அமெரிக்காவில் நிலை வேறு. அங்கே டீசலுக்கு வரி அதிகம்; விலையும் பெரும்பாலும் பெட்ரோலைவிடக் கூடுதல். எனவே நடுத்தரப் பாரம் இழுக்கும் பண்ணையாளர்கள் பெரிய பெட்ரோல் எஞ்சின் பிக்கப்புகளையும், மிகுந்த பாரம் இழுப்பவர்கள் டீசல் பிக்கப்புகளையும் வாங்குகிறார்கள். அங்குள்ள யோசனையை அப்படியே இங்கு பின்பற்றுவது பொருந்தாது.

இழுவை எங்கிருந்து வருகிறது?

பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக அழுத்தப்பட்டு, பிளக்கின் தீப்பொறியால் எரிகிறது. டீசல் எஞ்சினில் காற்று மட்டும் பதினைந்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவாக அழுத்தப்படுகிறது. அந்த அழுத்தத்தில் உண்டாகும் சூட்டிலேயே, உள்ளே பீச்சப்படும் டீசல் தானாகத் தீப்பற்றுகிறது. ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1897-இல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய எஞ்சினின் அடிப்படை இதுவே.

அதிக அழுத்தத்தால் எரிபொருளின் சக்தியில் கூடுதல் பங்கு வேலையாக மாறுகிறது. மேலும் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வெப்பசக்தி அதிகம். டீசல் வண்டி லிட்டருக்குக் கூடுதல் தூரம் ஓடுவதற்கு இவையே காரணங்கள்.

பாரம் இழுக்க முக்கியமானது முறுக்கு விசை. அதாவது எஞ்சின் தண்டைத் திருப்பும் பலம். டர்போ பொருத்திய டீசல் எஞ்சின் நிமிடத்திற்கு 1,500 முதல் 2,500 சுற்றிலேயே தன் முழு முறுக்கு விசையையும் கொடுத்துவிடும். சிறு பெட்ரோல் எஞ்சினில் விசை குறைவு. பாரத்துடன் மேடு ஏற அதைக் கூடுதல் சுற்றில் விரட்ட வேண்டும். ஏஸ் பெட்ரோல் எஞ்சினின் முறுக்கு விசை 55 நியூட்டன் மீட்டர். பொலீரோ பிக்கப்பின் 2,523 சி.சி. டீசல் எஞ்சினுக்கு அது 200 அளவில் உள்ளது. வி-கிராஸுக்கு 360; கையால் கியர் மாற்றும் ஹைலக்ஸுக்கு 420. இவற்றின் விலையிலும் அதே அளவு ஏற்றத்தாழ்வு உண்டு என்பதை மறக்கக் கூடாது.

எஞ்சின் மட்டும் போதாது

குதிரை சக்தியை மட்டும் பார்த்து வண்டி வாங்குவது தவறு. 35 குதிரை சக்தி டிராக்டர் சேற்றிலிருந்து இழுத்து வெளியேற்றும் பாரத்தை 80 குதிரை சக்தி கார் அசைக்கக்கூட முடியாது. டிராக்டரின் கியர் மிகத் தாழ்வானது. பின் சக்கரத்தின் மேல் எடை அதிகம். டயரின் பூண் ஆழமானது. இந்த மூன்றும் சேர்ந்ததே இழுவை.

பாதையும் கணக்கில் சேர வேண்டும். ஒரு டன் எடையுள்ள வண்டியைச் சமமான தார்ச் சாலையில் நகர்த்த ஏறத்தாழ 15 கிலோ இழுவை போதும். கெட்டியான மண் பாதையில் 30 முதல் 50 கிலோ வேண்டும். இளகிய மணலிலோ சேற்றிலோ 150 கிலோவைத் தாண்டும். பாதை பத்துக்கு ஒன்று என்ற அளவில் மேடேறினால், ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 100 கிலோ இழுவை தேவை. ஆக, தார்ச் சாலையில் ஒரு டன்னை எளிதாகச் சுமக்கும் வண்டி, ஏரிக்கரையில் மழைக்குப் பின் அரை டன்னுக்கே திணறும். வண்டியில் குற்றமில்லை, பாதையின் கணக்கு அப்படி.

பிக்கப்புகளில் பெரும்பாலானவை பின் சக்கரங்களால் தள்ளப்படுபவை. எஞ்சின் முன்னால் இருப்பதால், காலி வண்டியில் பின் சக்கரத்தின் மேல் எடை குறைவு. ஈர மண்ணில் சக்கரம் அதே இடத்தில் சுற்றுவதற்கு இதுவே காரணம். இத்தகைய நேரத்தில் டீசலின் கூடுதல் விசை உதவாது. குழியை இன்னும் ஆழமாக்கும். பின் அச்சுக்கு நேர் மேலே நாலைந்து மூட்டை மண் ஏற்றிக்கொண்டால் பிடிமானம் கூடும். இளகிய மணலில் டயர் காற்றை நான்கில் ஒரு பங்கு குறைத்து மெதுவாக ஓட்டலாம். தார்ச் சாலைக்குத் திரும்பியதும் மறவாமல் காற்றை நிரப்ப வேண்டும்.

நான்கு சக்கர இழுவை யாருக்குத் தேவை?

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பகுதியில் சாமை, புளி, பலா ஆகியவற்றை மலைப் பாதையில் இறக்குபவர்களுக்கும், காட்டோடை கடந்து நாள்தோறும் சென்று வர வேண்டியவர்களுக்கும் நான்கு சக்கர இழுவை பயன்படும். அதிலும் தாழ்வு கியர் வரிசை உள்ள வண்டியாக இருப்பது நல்லது. செங்குத்தான மேட்டில் கிளட்சை எரிக்காமல் நடை வேகத்தில் ஏறுவதும், இறக்கத்தில் பிரேக் சூடேறாமல் இறங்குவதும் அதனால் முடியும். மலைப் பாதையில் எந்தக் கியரில் ஏற வேண்டியிருக்குமோ அதே கியரில் இறங்க வேண்டும். நியூட்ரலில் இறங்குவது எமனை அழைப்பதற்குச் சமம். எரிபொருளும் அதில் மிச்சமாவதில்லை.

சமவெளியில் ஆண்டுக்கு இருபது முப்பது நாள் மட்டும் சேற்றைக் கடக்க வேண்டியவர்கள் நான்கு சக்கர இழுவைக்குப் பல லட்சம் கூடுதலாகச் செலவிடுவது வீண். அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு வயல் வழிக்குச் சரளையும் கற்பொடியும் கொட்டி, நீர் வடிய இரு புறமும் வாய்க்கால் எடுத்தால் எந்த வண்டியும் போகும்.

மற்றொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். வண்டி போகும் இடமெல்லாம் வண்டியை விடக் கூடாது. பாரம் ஏற்றிய பிக்கப்பை ஈரமான வயலுக்குள் இறக்கினால் சக்கரம் பட்ட இடத்தில் மண் இறுகிவிடும். அடுத்த பருவத்தில் அந்தத் தடத்தில் நிலக்கடலையின் வேர் இறங்காது, விழுது மண்ணில் நுழையத் திணறும், நீர் தேங்கும். இறுக்கத்தை உடைக்க உளிக்கலப்பை ஓட்டும் செலவு வேறு. மூட்டைகளை வரப்போர வழிக்குக் கொண்டு வந்து ஏற்றுவதே நிலத்திற்கு நன்மை.

டிரெய்லர் இழுப்பவர்கள் கவனத்திற்கு

தெளிப்பான் பொருத்திய வண்டி, சிறு தண்ணீர்த் தொட்டி, ஜெனரேட்டர், கன்று ஏற்றும் வண்டி போன்றவற்றைப் பிக்கப்பின் பின்னால் பூட்டி இழுக்கும் வழக்கம் சில இடங்களில் உள்ளது. இதில் கவனிக்க வேண்டியவை:

1. வண்டியுடன் தரப்படும் கையேட்டில் இழுக்கத்தக்க எடை குறிப்பிடப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். குறிப்பிடப்படவில்லை என்றால் அந்த வண்டி இழுவைக்காக அமைக்கப்படவில்லை என்றே கொள்ள வேண்டும். முக்கால் டன் சிறு வண்டிகளில் டிரெய்லர் பூட்டவே கூடாது.

2. டிரெய்லரின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் இறங்குமாறு பாரத்தை அடுக்க வேண்டும். 800 கிலோ டிரெய்லருக்கு 80 கிலோ. பாரம் பின்புறமாகச் சாய்ந்திருந்தால் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கி வண்டியையே கவிழ்த்துவிடும்.

3. இழுக்கும் பலத்தைவிட நிறுத்தும் பலமே முக்கியம். டிரெய்லருக்குத் தனிப் பிரேக் இல்லையென்றால், அதன் மொத்த எடை இழுக்கும் வண்டியின் எடையில் பாதியைத் தாண்டாமல் இருப்பது பாதுகாப்பு.

4. டிரெய்லரும் சட்டப்படி ஒரு மோட்டார் வாகனமே. அதற்கும் பதிவு வேண்டும். பின் விளக்கும் சிவப்புப் பிரதிபலிப்பானும் இல்லாத டிரெய்லரை இரவில் வேலூர் சாலையில் இழுத்துச் செல்வது பிறர் உயிரோடு விளையாடுவதாகும்.

5. கரும்பு டிரெய்லர், கதிரடிக்கும் இயந்திரம் ஆகியவை டிராக்டருக்கு உரியவை. பிக்கப்பில் பூட்டினால் முதலில் கிளட்சு போகும், பின்னர் கியர் பெட்டி போகும்.

6. சேற்றில் சிக்கிய வண்டியைக் கயிறோ சங்கிலியோ கட்டி இழுக்கும்போது, அதன் நீளத்தைப்போல் இரு மடங்கு தூரத்திற்குள் யாரும் நிற்கக் கூடாது. அறுந்த சங்கிலி அரிவாள் போல வெட்டும்.

இத்தகைய இழுவை வேலைக்கு டீசல் வண்டியே ஏற்றது. இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை.

எரிபொருள் செலவுக் கணக்கு

டீசல் மலிவு என்ற நம்பிக்கை பழைய நாட்களில் உருவானது. 2012-இல் டெல்லியில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அதன் பின் வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிட்டது. எனவே இன்று கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ ஒரே அளவுள்ள இரு சிறு வண்டிகளில் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டரும், டீசல் வண்டி 20 கிலோமீட்டரும் ஓடுவதாகக் கொள்வோம். டீசல் வண்டியின் விலை ஒரு லட்சம் ரூபாய் கூடுதல் என்றும், கடன் வட்டி 11 சதவீதம் என்றும் கொள்வோம்.

கிலோமீட்டருக்கு எரிபொருள் செலவு பெட்ரோல் வண்டியில் 6 ரூபாய் 67 காசு. டீசல் வண்டியில் 4 ரூபாய் 60 காசு. டீசலில் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 7 காசு மிச்சம்.

முதல் விவசாயி நாளுக்கு 25 கிலோமீட்டர் வீதம் ஆண்டில் 300 நாள், அதாவது 7,500 கிலோமீட்டர் ஓட்டுகிறார். அவருக்கு டீசலில் எரிபொருள் மிச்சம் 15,500 ரூபாய். டீசல் வண்டியின் கூடுதல் பராமரிப்புக்கு 4,000 கழித்தால் 11,500 ரூபாய். கூடுதலாக வாங்கிய ஒரு லட்சத்திற்கு முதல் ஆண்டு வட்டி மட்டும் 11,000 ரூபாய். மிஞ்சுவது 500 ரூபாய். அதைக் கொண்டு அசலை அடைக்க வண்டியின் ஆயுள் போதாது. இவருக்குப் பெட்ரோல் வண்டியே ஏற்றது.

இரண்டாவது விவசாயி தன் விளைச்சலுடன் அண்டை அயலார் விளைச்சலையும் ஏற்றி நாளுக்கு 60 கிலோமீட்டர், ஆண்டுக்கு 18,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார். அவருக்கு எரிபொருள் மிச்சம் 37,200 ரூபாய். கூடுதல் பராமரிப்புக்கு 6,000 கழித்தால் 31,200 ரூபாய். வட்டி உட்பட அந்த ஒரு லட்சம் நான்கு ஆண்டுக்குச் சற்று மேல் அடைந்துவிடும். அதன் பின் ஆண்டுதோறும் மிச்சமே. இவருக்கு டீசல் வண்டியே ஏற்றது.

இந்த எண்கள் கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்காகத் தரப்பட்டவை. விவசாயிகள் தங்கள் ஊர் விலையையும், தாங்கள் வாங்க நினைக்கும் அதே வண்டியை ஓட்டுபவர் சொல்லும் மைலேஜையும் இட்டுக் கணக்கிட வேண்டும். விளம்பரத்தில் உள்ள மைலேஜ் பாரத்துடன் வயல் வழியில் கிடைக்காது. பாரம் கூடக் கூடப் பெட்ரோல் வண்டியின் மைலேஜ் டீசலைவிட வேகமாக இறங்கும் என்பதையும் கருத வேண்டும்.

புதிய டீசல் வண்டியில் மூன்று எச்சரிக்கைகள்

பழைய டீசல் வண்டியை எப்படி ஓட்டினாலும் ஓடியது. 2020-க்குப் பின் வந்த வண்டிகள் அப்படியல்ல.

முதலாவது, கரி வடிகட்டி. பெரும்பாலான புதிய டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி உள்ளது. சேர்ந்த கரி, குழாய் 550 முதல் 600 டிகிரி வரை சூடானால்தான் எரிந்து நீங்கும். வீட்டிலிருந்து வயலுக்கும் வயலிலிருந்து கடைக்குமாக இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் அந்தச் சூடு வராது, வடிகட்டி அடைத்துக்கொள்ளும். வாரம் ஒரு முறையாவது நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் நிற்காமல் ஓட்ட வேண்டும். வடிகட்டி விளக்கு எரியும்போது எஞ்சினை நிறுத்தாமல் கையேட்டில் சொன்னபடி ஓட்டி முடிக்க வேண்டும். குறுந்தூரம் மட்டும் ஓட்டுபவர்கள் பெட்ரோல் வண்டி வாங்க இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

இரண்டாவது, எரிபொருள் தூய்மை. பாரத் ஸ்டேஜ் 6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. பம்புசெட்டுக்கு வாங்கிப் பீப்பாயில் வைத்த டீசலையோ, மண்ணெண்ணெய் கலந்ததையோ ஊற்றினால் இன்ஜெக்டர்கள் பழுதாகும். கரி வடிகட்டியும் கெடும். பல்லாயிரம் ரூபாய் செலவாகும். வடிகட்டியில் சேரும் தண்ணீரை, முக்கியமாக மழைக்காலத்தில், தவறாமல் வடித்துவிட வேண்டும். கையேட்டில் குறிப்பிட்ட வகை எஞ்சின் ஆயிலை மட்டுமே ஊற்ற வேண்டும்.

மூன்றாவது, யூரியாக் கரைசல். சில டீசல் வண்டிகளில் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளை மாற்ற 32.5 சதவீத யூரியாக் கரைசலைத் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். நம்மிடம்தான் யூரியா மூட்டை இருக்கிறதே என்று வயலுக்கு வாங்கியதைக் கரைத்து ஊற்றிவிடக் கூடாது. உர யூரியா வேப்பெண்ணெய் பூசப்பட்டது. கிணற்று நீரில் உப்பு உண்டு. இரண்டும் சேர்ந்து குழாயை அடைத்துக் கருவியைப் பாழாக்கும். தூய யூரியாவையும் உப்பு நீக்கிய நீரையும் கொண்டு தயாரித்த கரைசலைத்தான் வாங்க வேண்டும். மானிய உரத்தை வேறு வேலைக்குத் திருப்புவது குற்றமுமாகும்.

பெட்ரோல் வண்டியில் கவனிக்க வேண்டியவை

இன்று விற்கப்படும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. கரும்பு, மக்காச்சோளம், அரிசி ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் எத்தனாலால் விவசாயிக்குச் சந்தை கூடுகிறது. ஆனால் எத்தனாலில் வெப்பசக்தி குறைவு. மைலேஜ் சற்று இறங்கும். அது ஈரத்தையும் ஈர்க்கும். ஆகவே வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தி வைக்க நேர்ந்தால் பழைய பெட்ரோலைத் தேக்கி வைக்காமல் ஓட்டித் தீர்ப்பது நல்லது. பழைய வண்டி வாங்குபவர்கள் 20 சதவீதக் கலப்புக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்க வேண்டும். பெட்ரோலைக் கேனில் வைத்து வண்டியில் கொண்டு செல்லக் கூடாது. அதன் ஆவி சிறு பொறியிலும் பற்றிக்கொள்ளும்.

தண்ணீர் நிறைந்த ஓடையைக் கடக்கும்போது, காற்று உறிஞ்சும் குழாய்க்குள் தண்ணீர் புகுந்தால் எந்த எஞ்சினும் கெடும். டீசல் வண்டி தண்ணீரில் நிற்காது என்பது பழைய நம்பிக்கை. தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டால் மீண்டும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. இணைப்புத் தண்டு வளைந்துவிடும். தள்ளிக் கரையேற்றி மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

களத்து மேட்டுத் தூசி இரண்டு வகை எஞ்சினுக்கும் எதிரி. அறுவடைக் காலத்தில் வாரம் ஒரு முறை காற்று வடிகட்டியைப் பார்க்க வேண்டும்.

சட்டமும் உயிர்ப் பாதுகாப்பும்

மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. சிறு விவசாயிக்கு இந்த வரம்புக்குள் அடங்கும் வண்டி போதுமானது. இலகு ரக ஓட்டுநர் உரிமம் உள்ளவர் 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்துள்ளது. தகுதிச் சான்றையும் காப்பீட்டையும் காலத்தில் புதுப்பிக்க வேண்டும்.

பதிவுச் சான்றில் கண்ட எடைக்கு மேல் ஏற்றினால் 2019-இல் திருத்தப்பட்ட சட்டப்படி 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். ஒரு நடை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு போகத்தின் லாபத்தை இழக்கலாமா?

இவற்றையெல்லாம்விட முக்கியமானது, சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது. களை பறிக்கவும் கடலை பறிக்கவும் பெண்களைப் பிக்கப்பின் பின்புறம் நிற்க வைத்துக் கூட்டிச் செல்வதை இன்றும் காண்கிறோம். சரக்கு வண்டியின் பின்புறத்தில் இருக்கையும் இல்லை, பிடிமானமும் இல்லை. வளைவில் ஒரு பக்கமாகச் சாயும் ஆட்களின் எடையே வண்டியைக் கவிழ்த்துவிடும். இதைச் சட்டம் தடுக்கிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டுப் பணமும் கிடைப்பதில்லை. கூலிக்கு வருபவரின் குடும்பமும் வண்டிக்காரரின் குடும்பமும் ஒரே நாளில் நிலைகுலைந்து போகும். ஆட்களை ஆட்டோவிலோ வேனிலோ அழைத்து வரும் கூலி, இந்த ஆபத்துக்கு முன் ஒரு பொருட்டல்ல.

வாங்கும் முன் ஒரு மாத ஏடு

வண்டி வாங்க எண்ணுபவர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில், விற்பனைக் காலத்தில் ஒரு மாதமும் வேலை குறைந்த காலத்தில் ஒரு மாதமும், ஒவ்வொரு நடையையும் எழுதி வர வேண்டும். தேதி, சரக்கு, எடை, தூரம், பாதை, கொடுத்த வாடகை ஆகிய ஆறு விவரங்கள் போதும். இரண்டு மாத முடிவில் விடை தானே கிடைக்கும். பௌர்ணமி நாட்களிலும் கார்த்திகை தீபத்தின்போதும் திருவண்ணாமலைக்குள் போக்குவரத்து மாற்றப்படுவதால் ஏற்படும் சுற்று வழியையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பூ விலை ஏறும் நாட்களும் பெரும்பாலும் அவையே.

அந்த ஏட்டைக் கொண்டு கீழ்க்கண்டவாறு முடிவு செய்யலாம்:

1. ஆண்டுக்கு 60, 70 நாள் மட்டுமே வண்டி தேவை என்றால் சொந்த வண்டி வேண்டாம். நான்கைந்து பேர் சேர்ந்து வாடகைக்கு எடுப்பது லாபம்.

2. நாளுக்கு 30 கிலோமீட்டருக்குள், அரை டன் முதல் முக்கால் டன் வரை, பெரும்பகுதி தார்ச் சாலை என்றால் சிறு பெட்ரோல் வண்டி போதும்.

3. நாளுக்கு 50 கிலோமீட்டருக்கு மேல், அல்லது ஒரு டன்னும் அதற்கு மேலும் என்றால் டீசல் பிக்கப் வாங்கலாம். இடைப்பட்ட தூரம் ஓடுபவர்கள் மேலே காட்டிய கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

4. டிரெய்லர் இழுவை வழக்கமான வேலை என்றால், இழுக்கத்தக்க எடை கையேட்டில் குறிக்கப்பட்ட டீசல் பிக்கப்பே தேவை.

5. மலைப் பாதை, காட்டோடை, நாள்தோறும் சேறு என்றால் நான்கு சக்கர இழுவையும் தாழ்வு கியரும் உள்ள டீசல் பிக்கப்பை எண்ணலாம். அதன் தவணையை விளைச்சல் தாங்குமா என்று இரண்டு முறை கணக்கிட வேண்டும்.

6. எந்த வண்டியானாலும் அதைப் பழுது பார்க்கத் தெரிந்த பட்டறையும் உதிரி பாகமும் திருவண்ணாமலையிலேயே கிடைக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். அறுவடை நாளில் பட்டறையில் நிற்கும் வண்டியால் பயனில்லை.

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பார்கள். அண்டை வீட்டுக்காரர் டீசல் பிக்கப் வாங்கிவிட்டார் என்பதற்காக நாமும் வாங்க வேண்டியதில்லை. வேலை, பாதை, தூரம் ஆகிய மூன்றையும் எடை போட்டு வாங்கும் வண்டி விவசாயிக்கு வலது கையாக இருக்கும். எடை போடாமல் வாங்கும் வண்டி, விளைந்த மூட்டையோடு சேர்த்து விவசாயியையும் கடனுக்குள் இழுத்துச் சென்றுவிடும்.